சம இணையத்துக்கு ஒரு வேட்பாளர்

என் அக்கா நடனம் ஆடுகிறாள் என்று நெட் கம்பெனி எழுத்து மூலமாகத் தெரிவித்த அன்றுதான் எனக்கு அரசியலில் அக்கறை வந்தது. அதுவரைக்கும் தேர்தல் என்றால் எனக்கு வேலை அதிகம், அவ்வளவுதான். நான் ஜெராக்ஸ் மெஷின் மெக்கானிக். தேர்தல் வந்தால் ஊரிலுள்ள மெஷின் எல்லாம் பேசிவைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் மண்டையைப் போடும். மெஷினுக்குள் போடுகிற டோனர் பொடி ஒட்டி கை எப்போதும் கறுப்பாகவே இருப்பதால் எல்லாரும் என்னை டோனர் என்றுதான் கூப்பிடுவார்கள். என் மாமியார் உட்பட.

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கையால்தான் பேசுவாள். அந்தக் கைமொழியை ஒன்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒன்பதும் ஒன்பது ஊர். எல்லாம் காது கேட்காத பிள்ளைகள். பெற்றவர்களுக்குக் காது கேட்கும், கைமொழி தெரியாது. தினமும் காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு நடு அறையில் நீலத் துணியைத் தொங்கவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் அக்கா நிற்பாள். திரையில் ஒன்பது கட்டம், ஒன்பது முகம். அந்தப் பிள்ளைகளோடு யாராவது ஒழுங்காகப் பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான். கடைக்குட்டிக்கு ஐந்து வயது, நாங்கள் வைத்த பெயர் வாண்டு. அவள் வந்து சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பெற்றவளுக்கே அவளோடு சாப்பாடு, தூக்கம் தாண்டி எதுவும் பேசத் தெரியாது.

"இந்த வயசுல மொழி உள்ள போகலேன்னா அப்புறம் போறது ரொம்பக் கஷ்டம்டா. இவளுக்கு நான்தான் ஆரம்பம்" என்று அக்கா கையால் சொன்னாள். அவள் எதையும் மிகைப்படுத்திச் சொல்கிற ஆள் இல்லை. மிகைப்படுத்துவது எங்கள் குடும்பத்தில் என் வேலை.

அந்த மாதம் முதல் தேதி கம்பெனி ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. பெயர், ஒழுங்கான வேகத் திட்டம். இதுவரைக்கும் லைனில் எல்லாம் முட்டிமோதிக்கொண்டு போனதாம். இனி வரிசையில் போகுமாம். விரைவு வரிசை, பொது வரிசை என்று இரண்டு. கம்பெனியின் சொந்தச் சரக்கும், கம்பெனியோடு கைகுலுக்கியவர்களின் சரக்கும் விரைவு வரிசை. மிச்சம் இருக்கிற மனிதகுலம் பொது வரிசை. வேறு கம்பெனிக்குப் போகலாம் என்றால் ஊரில் வேறு கம்பெனி கிடையாது.

மறுநாள் காலையிலிருந்து அக்காவின் கை நிற்க ஆரம்பித்தது. கையைத் தூக்குவாள், பிள்ளைகள் பக்கத்தில் அது பாதியில் நிற்கும். நான்கு எண்ணுகிற வரைக்கும் நிற்கும். பிறகு மிச்சப் பாதி வரும். அடுத்த சொல்லுக்கும் அதே கதை. பேச்சு நின்று நின்று வந்தால் ஒரு மாதிரி ஊகித்துக்கொள்ளலாம். கைமொழியில் கை நின்றால் சொல்லே போயிற்று. பிள்ளைகள் திரைக்குப் பக்கத்தில் வந்து மூக்கை வைத்துப் பார்த்தார்கள். திரையில் ஒன்பது மூக்கு.

கம்பெனிக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் அவ்வளவு மரியாதையாகப் பேசினாள், எனக்குக் கோபப்படவே கூச்சமாக இருந்தது.

"உங்க அக்கா வீடியோவ எங்க சிஸ்டம் 'நடனம், அமெச்சூர்'னு வகைப்படுத்தியிருக்கு சார்."

"நடனமா? அது பள்ளிக்கூடம்மா!"

"பேச்சுச் சத்தம் வரலையே சார். கை மட்டும் ஆடுது. கை ஆடி, பேச்சு வரலேன்னா சிஸ்டம் நடனம்னு எடுத்துக்கும்."

"அவளுக்குப் பேச வராது."

"புரியுது சார். 'கல்வி'ன்னு மாத்தணும்னா மொத்த நேரத்துல அறுபது சதவீதம் பேச்சு இருக்கணும். அவங்களக் கொஞ்சம் முயற்சி பண்ணச் சொல்லுங்க."

"பேச வராதவ பேசி, காது கேக்காத பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தணுமா?"

"என்ன பேசினாலும் பரவாயில்ல சார். பேப்பர் படிச்சாக்கூடப் போதும்."

அக்கா பக்கத்தில் ரேடியோவை வைத்துப் பார்த்தேன். இரண்டு நாளில் கடிதம் வந்தது: 'நடனம், இசையுடன்.' என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாரம் தலையங்கத்திலிருந்து வரி விளம்பரம் வரைக்கும் சத்தமாகப் படித்தாள். அதற்கும் கடிதம் வந்தது: 'நடனம், வர்ணனையுடன்.' முன்பைவிட மெதுவாகப் போனது. என் மனைவிக்கு உலக விஷயம் நிறையத் தெரிந்ததுதான் மிச்சம்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. இருந்த உறுப்பினர் காலமாகிவிட்டார். சட்டசபையில் சம இணைய மசோதா என்று ஒன்று நெடுநாளாகக் கிடந்தது. லைனில் எது போனாலும், அது யாருடையது, என்ன வகை என்று பார்க்காமல் ஒரே மாதிரி அனுப்பவேண்டும் என்பதுதான் மசோதா. ஆதரவும் எதிர்ப்பும் சரிசமமாக நின்றன. எங்கள் தொகுதியின் ஓட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் முடிவு. ஆளுங்கட்சி 'சம இணையமே எங்கள் உயிர்' என்று போஸ்டர் ஒட்டியது. எதிர்க்கட்சி யோசித்துப் பார்த்து 'சம இணையமே எங்கள் உயிர்மூச்சு' என்று ஒட்டியது. மூச்சு கூடுதல் என்பதால் அவர்களை நம்பலாம் என்று என் மனைவி சொன்னாள்.

சீட்டுக் கேட்கிறவர் யாராக இருந்தாலும் சம இணையம் பற்றி நேர்காணலில் தேறவேண்டும், நேர்காணலைக் கட்சி உறுப்பினர்கள் போனிலேயே நேரலையாகப் பார்த்து ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆளுங்கட்சி அறிவித்தது. நேரலையை இலவசமாக நடத்திக்கொடுக்கச் சேவை மனப்பான்மையோடு முன்வந்தது யார் என்று கேட்டால், நெட் கம்பெனி.

நேர்காணலுக்கு முந்தின நாள் கட்சி ஆபீசிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. மெஷின் படுத்துவிட்டதாம். செயலாளர் வாசலிலேயே நின்றார். அவர் பேசும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டார். நமக்குப் பின்னால் யாராவது முக்கியமானவர் வருகிறாரா என்று பார்ப்பார்.

"மெஷினுக்கு என்ன சார்?"

"மரியாதை தெரியல."

"புரியல சார்."

"வாட்ச்மேன் லீவு லெட்டரக் காப்பி எடுக்கக் குடுத்திருக்கான். பின்னாடியே நான் தலைவரோட அறிக்கைய அனுப்பறேன். மெஷின் லீவு லெட்டர முதல்ல அடிக்குது. தலைவர் காத்துக்கிட்டிருக்கார்!"

"அது அப்படித்தான் சார். முதல்ல வந்தது முதல்ல போகும். யாரு காகிதம்னு அதுக்குத் தெரியாது."

"அதத்தான்யா நானும் சொல்றேன். அந்தக் கோளாறச் சரி பண்ணு."

"அது கோளாறு இல்ல சார். வெளிய போஸ்டர் ஒட்டியிருக்கீங்களே சம இணையம்னு, அது இதுதான்."

செயலாளர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். என் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே தேர்வுக் குழு கூடியிருந்தது. மூன்று நாளாக நேர்காணலுக்குக் கேள்வி தயாரிக்கிறார்களாம். முதல் கேள்வி 'சம இணையம் என்றால் என்ன?' என்று எழுதியாகிவிட்டது. இரண்டாவது கேள்வியை எழுதவேண்டுமானால் முதல் கேள்விக்கு விடை தெரியவேண்டும். அதில்தான் மூன்று நாள் போயிருந்தது.

நீள மேஜை. நடுவில் தலைவர். அவருக்கு ஒரு பக்கம் செயலாளரின் காலி நாற்காலி. இன்னொரு பக்கம் கோட்டுப் போட்ட ஒருவர். கம்பெனி அனுப்பிய தொழில்நுட்பப் பார்வையாளர். பார்வையாளர் என்றால் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். அவர் எழுதிக்கொண்டும் இருந்தார். மெஷின், லீவு லெட்டர், அறிக்கை என்று நான் விளக்கினேன். தலைவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"அருமை! இதுக்காகத்தான் நம்ம கட்சி உயிரையே குடுக்குது. ஆனா தம்பி, ஒரு சின்ன சந்தேகம். வாட்ச்மேன் லீவு லெட்டரும் என் அறிக்கையும் ஒண்ணா?"

"மெஷினுக்கு ஒண்ணுதான் சார்."

"அப்ப அது சமத்துவம் இல்லப்பா, ஒழுங்கீனம். சமத்துவம்னா என்ன? நான் இருக்கற உயரத்துல என்னை முழுசா மதிக்கணும். வாட்ச்மேன் இருக்கற பள்ளத்துல அவனையும் முழுசா மதிக்கணும். அவங்கவங்க இடத்துல அவங்கவங்க சமம். இதுல யாருக்கு என்ன குறை, சொல்லு?"

பள்ளத்தில் இருப்பவர் குறை சொல்லலாம் என்று தோன்றியது. பார்வையாளர் தலைவர் சொன்னதை மட்டும் முழுசாக எழுதி அடிக்கோடு போட்டார்.

நேர்காணல் நடக்கிற மூன்று நாளும் மெஷின் பக்கத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அங்க போறவங்கள்ல ஒருத்தராவது நம்ம பக்கம் இருப்பாங்களாடா?" என்று கேட்டாள்.

"பார்த்துட்டுச் சொல்றேன்."

"நல்லாப் பாரு. எனக்கு அவங்க நல்லவங்களான்னு தெரியவேண்டாம். அந்த மசோதாவுக்குக் கை தூக்குவாங்களான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

சீட்டுக் கேட்டு வந்தவர்கள் பதினாலு பேர். அதில் இரண்டு பேரைப் பற்றிச் சொன்னால் போதும், மற்றவர்கள் இந்த இரண்டில் ஒன்று. ஒருவர் ஐஸ் ஃபேக்டரிக்காரர். எதற்கும் வியர்க்காதவர். இன்னொருவர் லைப்ரரியம்மா. நூலகத்தில் நான்கு கம்ப்யூட்டர் இருக்கிறது. வேலைக்கு மனுப் போட வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக்கொடுப்பார். லைன் மெதுவானதிலிருந்து பாதிப் பேருக்குப் 'பெறப்பட்டது' என்று வருவதற்குள் கெடு முடிந்துவிடுகிறது என்று அவர்தான் ஊரெல்லாம் கத்திக்கொண்டிருந்தார். ஏழு மணிக்கே முதல் ஆளாக வந்து நின்றார். பத்தரை மணிக்குக் காரில் வந்த ஐஸ் ஃபேக்டரிக்காரருக்கு விரைவு வரிசை டோக்கன் கொடுத்தார்கள். லைப்ரரியம்மாவுக்குப் பொது வரிசை.

பொது வரிசை என்றால் கடைசியில் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். அது பழைய பாணி. லைப்ரரியம்மாவை முதலிலேயே கூப்பிட்டார்கள்.

"சம இணையம்னா என்ன?" என்றார் செயலாளர்.

"லைன்ல எது போனாலும்..." என்று லைப்ரரியம்மா ஆரம்பித்தார்.

மணி அடித்தது. "நன்றி. வெளிய உக்காருங்க, கூப்பிடுவோம்."

உள்ளே ஐஸ் ஃபேக்டரிக்காரர் போனார். நாற்பது நிமிடம் பேசினார். பிறகு லைப்ரரியம்மாவைக் கூப்பிட்டார்கள்.

"விட்ட எடத்துலேர்ந்து சொல்லுங்க."

"அது யாரோடதுன்னு பாக்காம, ஒரே..."

மணி. "நன்றி. வெளிய உக்காருங்க."

வராந்தா நாற்காலியில் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மெஷினைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"தம்பி, கடைசியா நான் என்ன சொன்னேன்?"

"'ஒரே'ன்னு சொன்னீங்கம்மா."

"ஒரேவா, ஒரே மாதிரியா?"

"ஒரேதாம்மா. மாதிரி இன்னும் வரல."

சாயங்காலம் நாலரை மணிக்கு லைப்ரரியம்மா ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லி முடித்திருந்தார். அதற்குள் ஐஸ் ஃபேக்டரிக்காரர் மூன்று முறை உள்ளே போய்வந்து, தன் பள்ளிப் பருவத்தையும் தண்ணீரின் மகிமையையும் சொல்லி முடித்திருந்தார். கதவு இடுக்கில் பார்த்தால் லைப்ரரியம்மா தெரியவில்லை, கையைத் தூக்கியபடி நிற்கிற என் அக்காதான் தெரிந்தாள்.

இரண்டாம் நாள் லைப்ரரியம்மா பொறுமையிழந்தார். 'இது', 'என்ன', 'நியாயம்' என்று மூன்று தவணையில் கேட்டார். தலைவர் மூன்றையும் கூட்டிப் பார்த்து, மனம் நொந்து பதில் சொன்னார்.

"ஏம்மா, உங்கள யாராவது தடுத்தோமா? கதவு தெறந்துதானே இருக்கு? ஐஸ் ஃபேக்டரிக்காரர் வர்றதும் அதே கதவு, நீங்க வர்றதும் அதே கதவு. நீங்க சொன்ன ஒரு வார்த்தைய வெட்டினோமா? எல்லாம் எங்களுக்கு வந்து சேருது. கொஞ்சம் இடைவெளி விட்டுச் சேருது, அவ்வளவுதானே? உண்மைன்னா அதுக்குக் காத்திருக்கத் தெரியணும். பொய்தான்ம்மா அவசரப்படும்."

உடனே ஐஸ் ஃபேக்டரிக்காரரை அவசரமாகக் கூப்பிட்டார்கள். அவரிடம் கடினமான கேள்வி ஒன்று கேட்கப்பட்டது: சம இணையத்தை எப்படிக் கொண்டுவருவீர்கள்?

"முதல்ல முக்கியமானவங்களுக்குச் சமமாக் குடுப்பேன். அப்புறம் படிப்படியா எல்லாருக்கும் சமமாக் குடுப்பேன். என் ஃபேக்டரியில பெரிய கட்டியும் போடறோம், சின்ன கட்டியும் போடறோம். பெரிய கட்டி பெரியவங்களுக்கு, சின்ன கட்டி சின்னவங்களுக்கு. ஆனா தண்ணி ஒண்ணுதாங்கய்யா! தண்ணியில நான் பேதமே பாக்கறதில்ல."

தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். பார்வையாளர் அதையும் அடிக்கோடு போட்டார். நேரலையில் ஐஸ் ஃபேக்டரிக்காரரின் சட்டைப் பொத்தான் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. லைப்ரரியம்மா வந்தால் படம் உறைந்துவிடும், அதுவும் கண் பாதி மூடியிருக்கிற நேரம் பார்த்து. 'நேர்காணல்லயே தூங்கற அம்மா சட்டசபையில என்ன செய்யும்?' என்று கீழே நூற்றுக்கணக்கில் எழுதினார்கள்.

மூன்றாம் நாள் காலை செயலாளர் மெஷினறைக்கு ஓடிவந்தார்.

"டோனர், நீ சாமானியன்தானே?"

"ஆமா சார்."

"கையக் காட்டு."

காட்டினேன்.

"போதும். இன்னிக்கு ஒரு சாமானியர் வேட்பாளர்களப் பாத்துக் கேள்வி கேக்கணும். நேரம் ஒரு நிமிஷம். சாமானியமா ஏதாவது கேளு."

என் அக்கா கேட்கட்டும், அவள் கையால் கேட்பாள், நான் குரல் கொடுக்கிறேன் என்றேன். செயலாளர் என் தோளுக்குப் பின்னால் பார்த்து யோசித்தார். பார்க்க உருக்கமாக இருக்கும் என்று ஒத்துக்கொண்டார்.

அக்கா அன்று வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்தாள். கிளம்புவதற்கு முன்னால் கேள்வியைக் கண்ணாடி பார்த்துப் பழகியிருந்தாள். மேடையில் ஒரு பக்கம் ஐஸ் ஃபேக்டரிக்காரர், மறுபக்கம் லைப்ரரியம்மா. எதிரே காமிரா. அக்கா நடுவில் நின்று, எந்தத் தடங்கலும் இல்லாமல் ஒரே மூச்சில் கேட்டாள்.

"எனக்கு ஒன்பது பிள்ளைங்க. என் கை அவங்ககிட்ட முழுசாப் போய்ச் சேர மாட்டேங்குது. நீங்க ஜெயிச்சுப் போனா அந்த மசோதாவுக்குக் கை தூக்குவீங்களா, மாட்டீங்களா? வேற எதுவும் சொல்லவேண்டாம். ஆமாவா இல்லையா, அது போதும்."

நான் குரல் கொடுக்க வாயைத் திறப்பதற்குள் எதிரே இருந்த பெரிய திரை கறுத்துவிட்டது. அதில் வெள்ளை எழுத்து வந்தது: 'கலை நிகழ்ச்சி. தேர்தல் நடத்தை விதிகளின்படி நிறுத்தப்பட்டுள்ளது.'

"என்ன சார் இது?" என்றேன்.

பார்வையாளர் வருத்தத்தோடு எழுந்தார். "நாங்க எதுவும் செய்யல. சிஸ்டம் நடனம்னு எடுத்துக்கிச்சு. தேர்தல் நேரத்துல கட்சி மேடையில நடனம் கூடாதுன்னு விதி."

"இது கேள்வி சார்! இப்பக் குரல் குடுக்கப்போறேன்."

"தாராளமாக் குடுங்க. அப்ப வர்ணனையுடன் நடனம்னு வரும்."

தலைவர் இரண்டு கையையும் கூப்பினார். "யாரும் கோபப்படாதீங்க. அம்மா ரொம்பப் பிரமாதமா ஆடினாங்க. அந்த உணர்ச்சி ஒண்ணு போதும்!" என்று சொல்லிக் கைதட்டினார். அறை முழுவதும் கைதட்டியது.

அக்கா கைதட்டுவதைப் பார்த்தாள். கேள்வி பிடித்திருக்கிறது என்று நினைத்து அவள் முகம் மலர்ந்ததே, அதை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன். என் பக்கம் திரும்பினாள்.

"என்னடா சொல்றாங்க? ஆமாவா, இல்லையா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க!" என்று கத்தினேன். கேள்வியை நானே அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். லைப்ரரியம்மா விருட்டென்று எழுந்தார்.

"நான் கண்டிப்பா கை..."

மணி அடித்தது. இரண்டு பேர் வந்து அவரை மரியாதையாக வெளி நாற்காலிக்கு அழைத்துப்போனார்கள். ஐஸ் ஃபேக்டரிக்காரர் இறங்கி வந்து அக்காவுக்கு ஒரு பூங்கொத்தைக் கொடுத்தார்.

"சொல்லுடா" என்றாள் அக்கா, பூவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

"ஒருத்தங்க பாதி ஆமா சொன்னாங்க. ஒருத்தர் பூ குடுத்தார்."

அக்கா பூவை மேஜைமேல் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

முடிவு எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஐஸ் ஃபேக்டரிக்காரருக்கு ஆயிரக்கணக்கில் ஓட்டு. லைப்ரரியம்மாவுக்குப் பதினொன்று, அதுவும் நூலகத்துக்கு நேரில் போய்ப் பழகியவர்கள் போட்டது. போனில் அவருக்கு ஓட்டுப் போடுகிற பக்கம் எல்லாருக்கும் திறந்தே இருந்தது, உறுப்பினர்கள்தான் போய்ச் சேரவில்லை என்று கட்சி அறிக்கை விட்டது. அந்த அறிக்கையை நான்தான் ஐந்நூறு காப்பி எடுத்துக்கொடுத்தேன். வாசலில் லைப்ரரியம்மா எனக்காகக் காத்திருந்தார்.

"'தூக்குவேன்'னுதான் சொல்ல வந்தேன் தம்பி. அக்காகிட்டச் சொல்லிடுங்க."

சொன்னேன். அக்கா அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதினாள். ஒரு தெரு தள்ளி இருந்ததால் கடிதம் அன்றைக்கே போய்ச் சேர்ந்தது.

எதிர்க்கட்சியும் தன் வேட்பாளரை அதே கம்பெனியின் நேரலையில்தான் தேர்ந்தெடுத்திருந்தது, ஆகையால் தேர்தலில் யாருக்கும் பெரிய சிரமம் இருக்கவில்லை. ஐஸ் ஃபேக்டரிக்காரர் ஜெயித்தார். சட்டசபையில் சம இணைய மசோதாவுக்குக் கையும் தூக்கினார். தூக்குவதற்கு முன்னால் ஒரு வாரம் பார்வையாளரின் குறிப்பேட்டை வைத்து மசோதாவைக் கொஞ்சம் திருத்தியிருந்தார்கள். இப்போது சட்டம் இப்படிச் சொல்கிறது: 'விரைவு வரிசையில் உள்ள அனைவரும் சமம். பொது வரிசையில் உள்ள அனைவரும், எவ்விதப் பாகுபாடும் இன்றி, சமமாகத் தாமதிக்கப்படுவர்.' ஊரில் பட்டாசு வெடித்தார்கள்.

புது உறுப்பினரின் ஆபீசுக்கு மெஷின் பொருத்தப் போனபோது விட்டேனா பார் என்று அவரிடமே கேட்டேன். சட்டம் வந்தாயிற்று, அக்கா கை இன்னும் நிற்கிறது, பிள்ளைகள் என்ன செய்யும் என்று கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார். அந்த மனிதரிடம் கெட்ட குணம் என்று தனியாக எதையும் சொல்லமுடியாது.

"சின்னப் பிள்ளைங்கதானே? அதுங்க சீக்கிரம் பழகிக்கும்பா" என்றார்.

அக்கா ஒரு நாள்கூட வகுப்பை நிறுத்தவில்லை. நான்கு பிள்ளைகள் நின்றுபோனார்கள். ஐந்து பேர் மிச்சம். அதில் வாண்டுதான் ஒரு நாளும் தவறாதவள், திரைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பள்ளி விடுமுறையில் அவளுடைய அம்மா அவளை எங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். அக்காவுக்குக் காலிலே சக்கரம் கட்டினாற்போல ஆகிவிட்டது. நேரில் ஒரு பிள்ளை வருகிறாள், நடுவில் கம்பி இல்லை, கம்பெனி இல்லை. காலையிலிருந்து வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தாள்.

வாண்டு வந்தாள். திரையில் பார்த்ததைவிடப் பொடிசாக இருந்தாள். அக்காவை மேலும் கீழும் பார்த்தாள், காலெல்லாம் இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டவள்போல. பிறகு கையைத் தூக்கி வணக்கம் சொல்ல ஆரம்பித்தாள்.

கை பாதியில் நின்றது. கண் இமைக்கவில்லை. வாய் பாதி திறந்தபடி இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு மிச்சப் பாதி வந்தது. அடுத்த சொல்லைத் தொடங்கினாள். அதுவும் பாதியில் நின்றது.

பிள்ளை கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். அவளுடைய அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எப்படிப் பேசறா பாத்தீங்களா? கம்ப்யூட்டர்ல டீச்சர் செய்யற மாதிரியே, ஒரு இம்மி பிசகாம!"

அக்காவுக்கு அது கேட்டிருக்காது, கேட்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, கறுப்புக் கையால் துடைத்துக்கொண்டேன். அக்கா அழவில்லை. பிள்ளைக்கு நேரே முழங்காலிட்டு உட்கார்ந்தாள். தன் கையைத் தூக்கி, வணக்கம் என்று முழுசாக, எங்கும் நிற்காமல், ஒரே வீச்சில் சொல்லிக்காட்டினாள். இன்னொரு முறையும் காட்டினாள்.

வாண்டு கவனமாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, டீச்சர் மனது நோகக்கூடாதே என்பதுபோல அக்காவின் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துப் பாதித் தூரத்தில் நிறுத்திவைத்தாள். பிறகு தன் சின்னக் கையால், நின்று நின்று, சொன்னாள்.

"இங்க நிக்கணும் டீச்சர். மறந்துட்டீங்க."